படிப்பகச் சுவருக்கு எந்தப் படம்?

எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் மேற்குச் சுவர் பன்னிரண்டடி நீளம், ஏழடி உயரம். தென்பெண்ணை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் பிரிந்து உள்ளே வர வேண்டிய ஊர். 2024 டிசம்பரில் ஆறு ஊருக்குள் வந்துபோன பிறகு அந்தச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு படிந்துவிட்டது. வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, கோட்டை அழிக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் குறுக்கே நின்றார். கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது, முழுச் சுவரிலும் வெள்ளத்தின் கதையை வரைந்துவிடலாமே என்று யாரோ சொல்ல, பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைக்கிறவன். அதனால் “எந்த மாதிரிப் படம் என்று நீயே பார்த்துச் சொல்” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் பெண் ஒருத்தி துணைக்கு வந்தாள். துணை என்று சொன்னாலும், என் யோசனைகளில் பாதியைக் கொன்றவள் அவள்தான். வசூலான பணம் ஒரு முறை வரைவதற்கு மட்டும் போதும். ஓவியர் கடைப்பெயரும் கட்சிக்கொடியும் எழுதிப் பழகியவர். கையில் இருந்த விவரங்கள் மூன்று வகை: செய்தித்தாள்களில் வந்த மழை அளவு, அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரின் அளவு, வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய நீர்மட்டம். மூன்றாவதில் மீட்டரும் கிடையாது, அடியும் கிடையாது. கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதைவிட நம்பகமான அளவு எதுவும் தென்படவில்லை.

படத்தைப் பார்க்கப் போகிறவர் கையில் மீன் பையோடு இரண்டு நிமிடம் நிற்பவர். இதை மறந்துவிட்டால் எந்த ஒப்பீடும் அச்சகத்து மேசையிலேயே முடிந்துபோகும்.

முதலில் எல்லோர் மனத்திலும் வந்தது கோட்டுப்படம். அடியில் தேதிகள், பக்கத்தில் மழை அளவு, நடுவில் ஏறி இறங்கும் கோடு. இதைப் பொருளாதாரக் கணக்குகளுக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர். 1786இல் வெளியிட்ட தன் நூலில் 44 படங்கள் போட்டார். அவற்றில் 43 படங்கள் ஆண்டு வரிசையில் ஓடுகின்றன. மீதி ஒன்றுதான் பட்டைப்படம். ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கு அவருக்கு ஒரே ஓர் ஆண்டுக்குத்தான் கிடைத்தது. கோடு இழுக்க வழியில்லாததால், வணிகம் நடந்த ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு பட்டைகளாக வரைந்தார். இன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் பட்டைப்படம், கணக்குக் கிடைக்காத குறைக்குப் போட்ட ஒட்டு. 1801இல் வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டும் படத்தையும் கொண்டுவந்தவர் இவரே.

கோட்டுப்படம் மலிவு, ஓவியருக்கும் சுலபம். ஆனால் எங்கள் ஊர் மழையை மட்டும் கோடாகப் போட்டால் அது நேராகப் பொய் சொல்லும். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. அன்று கொட்டிய மழை ஓய்ந்து, ‘இனி பயமில்லை’ என்று பாயை விரித்த பிறகுதான் ஆறு வந்தது. புயலின் மிச்சம் மேற்கே நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அங்கிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் வெளியேறியது. கடலூர்க் கரையோர ஊர்கள் மூழ்கியது அதற்குப் பிறகு. எங்கள் மழைக்கோடு தரையில் படுத்திருக்கும்போது எங்கள் வீடுகளில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

அப்படியானால் இரண்டு கோடுகள் போடலாமே, ஒன்று மழை, இன்னொன்று அணை? இங்கேதான் புள்ளியியல் பெண் முதல் முறை குறுக்கிட்டாள். மழைக்கு ஓர் அளவுகோல், கன அடிக்கு வேறோர் அளவுகோல். இரண்டையும் எப்படிப் பொருத்துகிறோமோ அப்படித்தான் கோடுகள் வெட்டிக்கொள்ளும். வெட்டும் இடத்தைப் பார்க்கிறவர் அதற்கொரு பொருள் இருப்பதாக நினைத்துக்கொள்வார். இதை ஒளிக்காமல் செய்த உதாரணம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இந்தியாவின் தாவர வரைபடங்களை வெளியிட்டது. அந்தப் பணியின் பின்னால் இருந்த கோசென் என்ற தாவரவியலாளர், மழையையும் வெப்பத்தையும் ஒரே படத்தில் வரைய ஒரு விதி வைத்திருந்தார்: 10 டிகிரிக்கு எதிரே 20 மில்லிமீட்டர். மழைக்கோடு வெப்பக்கோட்டுக்குக் கீழே போனால் அது வறண்ட மாதம். வெட்டும் இடத்துக்கு அவர் முன்கூட்டியே பொருள் கொடுத்துவிட்டார். எங்களிடம் அப்படி ஒரு விதி இல்லை. இரட்டைக் கோடு அங்கேயே கைவிடப்பட்டது.

அடுத்தது ஓவியருக்கு மிகவும் பிடித்த படம். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் வெளியிட்ட, பூப்போல விரியும் வட்டம். கிரிமியப் போரில் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் கணக்கை மாதத்துக்கு ஓர் இதழாகப் பிரித்தார். தடுத்திருக்கக்கூடிய நோயில் இறந்தவர்களுக்கு நீலம், காயத்தால் இறந்தவர்களுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. முதல் ஆண்டுப் பூவில், 1855 ஜனவரியில், நீலம் மற்ற நிறங்களை விழுங்கிவிடுகிறது. சுகாதாரக் குழு போய்ச் சேர்ந்த பிறகு இரண்டாம் ஆண்டுப் பூ சுருங்குகிறது. அவர் இதை வரைந்தது ஊருக்கு அல்ல, அட்டவணைகளைப் புரட்டப் பொறுமையில்லாத ஆட்சியாளர்களுக்கு.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மழை மாதங்கள் திரும்பத் திரும்ப வரும் எங்கள் கரைக்கு வட்டம் பொருந்தும்தான். ஆனால் இந்தப் பூவில் ஒரு கண்ணி இருக்கிறது. இதழின் பரப்புதான் எண்ணைச் சொல்ல வேண்டும், நீளம் அல்ல. மழை இரு மடங்கு என்றால் இதழை இரு மடங்கு நீட்டக் கூடாது. நீட்டினால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். வர்க்கமூலம் எடுத்து வரைய வேண்டும் என்று ஓவியரிடம் சொன்னபோது அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். அதோடு, மழை மாதம் எது என்று எங்கள் ஊரில் யாருக்கும் படம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

வீடு வீடாக எடுத்த நீர்மட்டத்தை வைத்து ஊர் வரைபடம் போடலாம் என்ற யோசனையில்தான் அதிகம் சண்டை வந்தது. இதற்கு மூதாதை ஜான் ஸ்னோ. 1854இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, இறந்தவர்களை வீட்டு வாசலில் சிறு கறுப்புக் கோடுகளாக அடுக்கி வரைந்த மருத்துவர். கோடுகள் பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றிக் குவிந்தன. அவர் படம் போட்டார், குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள், காலரா நின்றது என்று எல்லோரும் சொல்லும் கதை பாதிதான் சரி. செப்டம்பர் 8ஆம் தேதி கைப்பிடி கழற்றப்பட்டபோது நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது. ஸ்னோவே அதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். புகழ்பெற்ற வரைபடம் அதற்கெல்லாம் பிறகு வந்தது.

எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது கோடுகள் இல்லாத இடங்கள். அடிகுழாய்க்குப் பக்கத்திலேயே இருந்த மதுவடிப்பாலையில் வேலை செய்தவர்கள் சாகவில்லை. அருகிலிருந்த ஏழைகள் விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்ததால் அங்கும் சாவு குறைவு. எங்கள் ஊர்க் கணக்கிலும் அப்படி ஈரம் படாத ஒரு திட்டு இருந்தது: பழைய மணல்மேடு, அதன்மேல் ஏழெட்டு வீடுகள். பெயரை நம்பியும் பயனில்லை. பெயரிலேயே மேட்டை வைத்திருக்கும் நாணமேட்டையும் உச்சிமேட்டையும் தென்பெண்ணை விட்டுவைப்பதில்லை.

இந்த வரைபடத்தின் பலம், பார்க்கிறவர் முதலில் தன் வீட்டைத் தேடுவார் என்பது. இரண்டு நிமிடம் என்பது பத்து நிமிடமாகும். பலவீனமும் அதுவே. தாழ்வான நிலத்தில் யார் குடியிருக்கிறார்கள், மேட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சுவர் ஊருக்கெல்லாம் அறிவித்துவிடும். அறிவிக்கட்டுமே என்பது என் கட்சி. “மார்பளவு என்று என் வீட்டுக்கு நேரே எழுதிவிட்டால் நாளைக்கு மனையை யார் வாங்குவார்?” என்று ஒருவர் கேட்டார். அவரைப் பேராசைக்காரர் என்று ஒதுக்க முடியவில்லை. மகள் திருமணத்துக்கு அந்த மனையைத்தான் நம்பியிருக்கிறார். ஒரு வீட்டைச் சுட்டும் படத்துக்கு அந்த வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். நாற்பது சம்மதம் வாங்க எங்களுக்குத் தெம்பில்லை. அந்த நோட்டுப்புத்தகம் படிப்பக அலமாரியில் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் காட்டுவோம்.

பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் சின்னப் படங்களின் வரிசையைப் பரிந்துரைத்தார். இத்தனை படகு, இத்தனை ஆடு, இத்தனை வீடு என்று. 1920களில் வியன்னாவில் ஓட்டோ நியூராத் அருங்காட்சியகம் அமைத்து, எழுத்துக் குறைவாகத் தெரிந்த தொழிலாளர்களுக்காக வளர்த்த முறை இது. பின்னால் கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் சேர்ந்து அந்தச் சின்னங்களுக்கு உருவம் கொடுத்தார். நியூராத்தின் முக்கியமான விதி இது: எண் கூடினால் படத்தைப் பெரிதாக்காதே, படங்களின் எண்ணிக்கையைக் கூட்டு. நைட்டிங்கேலின் பூவில் இருக்கும் கண்ணி இதில் இல்லை.

சின்னங்களைப் படிப்பது எங்களுக்குப் புதிதில்லை. கடலூர்த் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினால் என்ன அர்த்தம் என்று இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். பகலில் கம்பத்தில் உருவங்கள், இரவில் விளக்குகள், 1 முதல் 11 வரை எண்கள். 8, 9, 10 மூன்றும் பெரும் அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வேறுபாடு. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. ‘தகவல் இல்லை’ என்பதற்கும் ஒரு சின்னம் வைத்த அந்த ஏற்பாட்டை நான் பல அச்சுப்படங்களைவிட உயர்வாக மதிக்கிறேன்.

ஆனால் சின்ன வரிசையில் என்னால் ஒப்ப முடியாதது ஒன்று இருந்தது. ஆசிரியர் 2004 சுனாமியையும் சேர்க்க நினைத்தார். கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தினமும் அந்தச் சுவரைக் கடந்து தண்ணீர் பிடிக்கப் போகிறாள். வரிசையில் நிற்கும் கறுப்புப் பொம்மைகளில் தன் பிள்ளை எது என்று அவள் தேட வேண்டுமா? படகுக்குச் சரி, ஆட்டுக்குச் சரி. மனிதருக்கு வேண்டாம் என்றேன். ஆசிரியரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

நான் ஒரு வாரம் விடாமல் வாதாடியது பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் ஜோசஃப் மினாரின் முறைக்காக. 1869இல், தன் 88ஆம் வயதில், நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பை அவர் ஒரே பட்டையாக வரைந்தார். 1812இல் நியெமென் ஆற்றைக் கடக்கும்போது 4,22,000 பேர். மாஸ்கோவில் ஒரு லட்சம். திரும்பி வந்தது பத்தாயிரம். பத்தாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று பட்டையின் அகலம் ஆட்களைச் சொல்கிறது. பெரெசினா ஆற்றங்கரையில் 50,000 என்று இருக்கும் பட்டை, ஆற்றைக் கடந்ததும் 28,000 ஆகச் சுருங்குகிறது. அந்த இடத்தில் வேறெந்த விளக்கமும் அவர் எழுதவில்லை. திரும்பும் வழிக்குக் கீழே குளிரின் அளவைக் காட்டும் ஒரு கோடு மட்டும் ஓடுகிறது.

தென்பெண்ணைக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை என்று எனக்குத் தோன்றியது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் நூலாகத் தொடங்கி, கிருஷ்ணகிரியில் விரலாகி, சாத்தனூரில் கையகலமாகி, நானூறு கிலோமீட்டர் கடந்து எங்கள் சுவரின் வலது மூலையில் ஓரடி அகலத்தில் வந்து விழும் பட்டை. எங்கோ பெய்த மழை எங்கள் வாசலுக்கு எப்படி வந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் சொல்லாது. காகிதத்தில் வரைந்து காட்டியபோது எல்லோரும் வாயடைத்துப்போனார்கள். அந்தப் பெண் மட்டும் இரண்டு கேள்வி கேட்டாள்.

அணையில் எவ்வளவு என்று தெரியும். அணைக்கும் நமக்கும் நடுவில் எத்தனை ஓடை சேர்ந்தது, எவ்வளவு வயலில் வழிந்தது என்று தெரியுமா? தெரியாது. அப்படியென்றால் நடுவில் இருக்கும் அகலமெல்லாம் உன் ஊகம், ஆனால் பெயிண்ட் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் காட்டும். இது முதல் கேள்வி. இரண்டாவது, இதில் நேரம் எங்கே இருக்கிறது? மினாரின் படத்திலும் தேதிகள் குளிர்க்கோட்டில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பட்டையில் இல்லை. “அடுத்த முறை தண்ணீர் எவ்வளவு அகலமாக வரும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. எப்போது வரும், மாட்டை அவிழ்க்க நேரம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.”

எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் கழித்துத்தான் அவள் கேட்டதற்கு விடை தெரிந்தது. அதுவும் பிரான்ஸிலிருந்தே வந்தது. இப்ரி என்ற பொறியாளர் வகுத்த ஒரு ரயில் அட்டவணைப் படத்தை மாரே என்ற உடலியலாளர் தன் நூலில் சேர்த்து 1880களில் பரப்பினார். பாரிஸ் முதல் லியோன் வரை ரயில் நிலையங்கள் மேலிருந்து கீழாக, உண்மையான தூரத்துக்கு ஏற்ற இடைவெளியில். இடமிருந்து வலமாக மணி. ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. வேகமான ரயில் என்றால் கோடு செங்குத்தாக இறங்கும். நிலையத்தில் நின்றால் கோடு படுத்துவிடும்.

ரயிலை எடுத்துவிட்டு வெள்ளத்தை வைத்துப் பாருங்கள். மேலே ஊத்தங்கரை, அடுத்து சாத்தனூர், திருக்கோவிலூர், கீழே எங்கள் ஊர். அடியில் நாளும் மணியும். 2024க்கு ஒரு கோடு, 2021 நவம்பரில் ஆறு வந்ததற்கு இன்னொரு கோடு. சாத்தனூரில் கோடு படுத்திருக்கும் நீளம், அணை தண்ணீரைப் பிடித்துவைத்திருந்த நேரம். அணையால்தான் மூழ்கினோம் என்பவர்களும், அணை இல்லாவிட்டால் முன்பே மூழ்கியிருப்போம் என்பவர்களும் அந்தப் படுத்த கோட்டின் முன்னால் நின்றே சண்டை போடலாம். நேரம் உறுதியாகத் தெரிந்த இடத்தில் புள்ளி, தெரியாத நடுவழியில் விட்டுவிட்டு இழுத்த கோடு. ஊகம் எது, விவரம் எது என்று ஓவியரின் கையிலேயே தெரிந்துவிடும். அகலம் கிடையாது, அழகும் குறைவுதான். மினாரின் பட்டையை இழந்ததில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

பெரியவரிடம் காட்டினேன். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்குக் காத்திருந்த பழக்கம், விளக்கவே தேவைப்படவில்லை. விரலைச் சாத்தனூரில் வைத்துச் சாய்வாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்து எங்கள் ஊரில் நிறுத்தினார். “அங்கே கிளம்பிவிட்டது என்று தெரிந்தால் இங்கே இவ்வளவு நேரம் இருக்கிறது” என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு அவரே கேட்டார்: கடலிலிருந்து வந்ததை எங்கே போடுவது?

ஊருக்குக் கீழே கடல் என்றாள் அந்தப் பெண், யோசிக்காமலே. 2004 டிசம்பர் 26, சுமத்ராவில் இந்திய நேரப்படி காலை 6.29க்கு நிலநடுக்கம். அலை எங்கள் கரையைத் தொட ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதுவும் ஒரு சாய்கோடுதான், கீழிருந்து மேலே வரும் கோடு. கிளம்பியதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. புதுச்சேரி நல்லவாட்டில் மட்டும், சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். மீனவர்களுக்கு அலை உயரம் சொல்வதற்காக வைத்திருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர் போகவில்லை.

ஆற்றுக்கும் கடலுக்கும் ஒரே அளவுகோல் ஒத்துவராது. ஊத்தங்கரையிலிருந்து வரும் ஆற்றுவழி நான்கடி உயரத்தில் அடங்கும். சுமத்ராவை அதே கணக்கில் வைத்தால் சுவர் பூமிக்குள் போக வேண்டும். ஆகவே ஊருக்கு மேலே ஓர் அளவு, கீழே வேறோர் அளவு, இரண்டையும் சுவரிலேயே எழுதிவிடுவது என்று முடிவானது. ஊர் என்ற வரிசையைத் தனியாக வரைய வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தவர் ஓவியர். அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தார். இடுப்புயரத்தில் ஆறு விட்டுப்போன பழுப்புக் கோடு நாங்கள் கேட்ட இடத்திலேயே இருந்தது. ஆறு அதற்கு மேலே, கடல் அதற்குக் கீழே.

வேலையை ஏப்ரல் 15க்குப் பிறகு வைத்துக்கொள்கிறோம். மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுகள் கரையில் இருக்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள். ஆற்றுக்கு நீலம், 2021க்கு மங்கல், 2024க்கு அழுத்தம். 2004க்கு என்ன நிறம் என்று கேட்டதற்குப் பெரியவர், நிறம் வேண்டாம், சுவரைக் கீறி வையுங்கள் என்றார். பூச்சைக் கீறுவது தன் வேலை இல்லை, அதற்குக் கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஓவியர் சொல்லிவிட்டார். அந்த ஒரு நாள் கூலிக்கு மறுபடியும் வசூல் நோட்டை எடுத்திருக்கிறோம்.